ஊசியும் உயிரணுவும்

கொல்லாமையும் வாய்மையும் அறத்தின் இரு கண்கள் என்று நாம் சிறுவயது முதல் கேட்டு வருகின்றோம். ஆயினும் அன்றாட வாழ்வில் ஒரு சிக்கல் நேரும்போது இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து விடை காண்பது எளிதாக அமைவதில்லை. தடுப்பூசி பற்றிய வினா அத்தகைய ஒன்று.

2021-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், உறவினர் இல்ல நிகழ்ச்சி ஒன்றின் பொருட்டு நாம் சேந்தமங்கலம் சென்றிருந்தோம். கொல்லிமலையின் அடிவாரத்தில் உள்ள ஊர் அது. அங்கிருந்து காளப்பநாய்க்கன்பட்டி வழியாகக் காரவள்ளியை அடைந்து, எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்தால் மலைமேல் உள்ள சிற்றூர்களை அடையலாம். மிளகும் பலாவும் வாழையும் விளைவிக்கும் மலைமக்கள் பல தேவைகளுக்காகக் கீழே இறங்கி வருவதுண்டு. அவ்வாறு வந்திருந்த முதியவர் ஒருவர், நாம் அமர்ந்திருந்த திண்ணையின் ஓரத்தில் நின்று கேட்டார்: “ஏனுங்க, இந்த ஊசி போட்டா வம்சமே மாறிப் போயிடும்னு சொல்றாங்களே, நெசமுங்களா?”

அருகிலிருந்த நம் குடும்பத்து மூதாட்டி ஒருவர் உடனே மற்றொரு வினாவை எழுப்பினார். “வம்சம் மாறுகிறதோ இல்லையோ, கன்றுக்குட்டியின் இரத்தத்தை விட்டுத்தான் அந்த மருந்தைச் செய்கிறார்களாம். அதை நம் உடம்பில் ஏற்கலாமா?”

இரு வினாக்களுக்கும் அன்று நாம் கூறிய விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. முதலாவது அறிவியலைச் சார்ந்தது. இரண்டாவது அறத்தைச் சார்ந்தது என்று தோன்றும். ஆராய்ந்து பார்த்தபோது இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்று உணர்ந்தோம். அந்த ஆராய்ச்சியின் பயனை வாசக அன்பர்களுடன் இங்குப் பகிர்ந்துகொள்கின்றோம்.

மூல ஏடும் படியும்

நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. பெரும்பாலான வகை உயிரணுக்களின் நடுவே உட்கரு என்னும் அறை உள்ளது. அதனுள் நாற்பத்தாறு நிறப்புரிகளாகச் சுருண்டிருப்பதே டி.என்.ஏ. எனப்படும் மரபுப்பொருள். உடலின் புரதங்களை எவ்வாறு அமைப்பது என்னும் குறிப்பு அதில் எழுதப்பட்டுள்ளது. புரதத்திற்கான மரபணுக்கள் மட்டும் ஏறத்தாழ இருபதாயிரம்.

நம் மடங்களில் பழஞ்சுவடிகளைக் காக்கும் முறையை இதற்கு உவமையாகக் கூறலாம். மூல ஏடு அறையை விட்டு வெளியே வருவதில்லை. வேண்டுவோர் படி எடுத்துக்கொண்டு போவர். அதுபோல டி.என்.ஏ. உட்கருவிலேயே தங்குகின்றது. தேவைப்படும் பகுதிக்கு மட்டும் தூது ஆர்.என்.ஏ. என்னும் படி எடுக்கப்பட்டு உட்கருவிற்கு வெளியே அனுப்பப்படுகின்றது. அங்குள்ள ரிபோசோம்கள் அப்படியைப் படித்துப் புரதத்தை அமைக்கின்றன. வேலை முடிந்ததும் படி சிதைந்துவிடும்.

இனித் தடுப்பூசிகளைப் பார்ப்போம். அவை யாவும் ஒரே வகையின அல்ல. ஐதராபாத்தில் உருவான கோவேக்சின், கொல்லப்பட்ட வைரசைக் கொண்டது. அது நம் உயிரணுக்களுக்கு எந்தக் குறிப்பையும் தருவதில்லை. பகைவனின் உருவத்தை உடலின் காவலர்க்குக் காட்டுவதோடு அதன் பணி முடிகின்றது. மஞ்சள் காமாலை பி தடுப்பூசியில் வைரசின் மேலுறைப் புரதம் மட்டுமே உள்ளது. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரில் மரபணுவைச் செலுத்தி அப்புரதத்தை விளைவிக்கின்றனர். நம் நாட்டிலேயே ஆக்கப்பட்ட அத்தகைய ஊசி 1997-இல் விற்பனைக்கு வந்தது.

தூது ஆர்.என்.ஏ. வகை ஊசி வேறுபட்டது. அது ஒரு படியை நேராக நம் உயிரணுவிற்குள் தருகின்றது. அப்படி உட்கருவிற்குள் செல்ல வேண்டியதில்லை. வெளியே உள்ள ரிபோசோம்களே அதைப் படித்து வைரசின் முள்புரதத்தை அமைக்கின்றன. அதைக் கண்ட நோய் எதிர்ப்பு அணுக்கள் விழித்துக்கொள்கின்றன. படியோ சில நாட்களிலோ வாரங்களிலோ சிதைந்து மறைகின்றது. புனேயில் ஆக்கப்பட்ட இவ்வகை ஊசிக்கு 2022 ஜூன் மாதத்தில் இந்தியாவில் அனுமதி கிடைத்தது.

நம்மில் பெரும்பாலோர் செலுத்திக்கொண்ட கோவிஷீல்டின் நிலை இன்னும் நுட்பமானது. சிம்பன்சி குரங்கிடம் சளி நோய் உண்டாக்கும் அடினோ வைரசைப் பெருக இயலாதவாறு முடக்கி, அதனுள் முள்புரதத்திற்கான டி.என்.ஏ.வை வைத்துள்ளனர். இந்த டி.என்.ஏ. நம் உயிரணுவின் உட்கருவிற்குள் செல்கின்றது என்பது உண்மை. அங்குதான் அதற்குப் படி எடுக்கப்படுகின்றது. ஆனால் மூல ஏட்டின் அறைக்குள் ஓர் ஓலைத்துண்டு கொண்டுவரப்பட்டாலும், அது சுவடியின் கட்டில் கோக்கப்படுவதில்லை. தனித்தே கிடந்து பின்னர் அழிகின்றது. 2021 ஆகஸ்டில் அனுமதி பெற்ற சைகோவ்-டி, மனிதருக்கென ஏற்கப்பட்ட உலகின் முதல் டி.என்.ஏ. தடுப்பூசி ஆகும். அதற்கும் இவ்விளக்கம் பொருந்தும்.

எனவே, “ஊசி மருந்து உட்கருவை அண்டுவதே இல்லை” என்று பொதுப்படக் கூறுவதும் பிழை. “மரபணுவை மாற்றிவிடுகின்றது” என்று கூறுவதும் பிழை. உள்ளதை உள்ளவாறு கூற வேண்டுமாயின் வகை பிரித்தே கூறுதல் வேண்டும்.

வம்சம் மாறுமா?

முதியவரின் வினா வம்சத்தைப் பற்றியது. அதற்குத் தெளிவான விடை உண்டு. புயத்தின் தசையிலுள்ள ஓர் உயிரணுவில் எது நேர்ந்தாலும் அது பிள்ளைக்குச் செல்லாது. தந்தையின் விந்தணுவிலும் தாயின் கருமுட்டையிலும் உள்ள மரபுப்பொருளே அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றது. புயத்தில் இடப்படும் ஊசி அவற்றின் எழுத்தை மாற்றியதாக எவரும் கண்டதில்லை.

மாறுபட்ட செய்தியையும் மறைக்காது கூறுதல் முறை. 2022-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், கல்லீரல் புற்றுநோய் உயிரணுக்களை ஆய்வகத்தில் வளர்த்து, அவற்றின்மீது தூது ஆர்.என்.ஏ. ஊசி மருந்தை இட்டபோது, அந்த ஆர்.என்.ஏ.விலிருந்து டி.என்.ஏ. படி உண்டானதைக் கண்டனர். இச்செய்தி ஊரெங்கும் பரவியது. அப்படி உயிரணுவின் மரபுத்தொகுதியில் இணைந்ததாக அவ்வாய்வு காட்டவில்லை என்பதும், அவை ஆய்வகக் கலத்தில் வளர்ந்த புற்றுநோய் அணுக்களே என்பதும் அதே வேகத்தில் பரவவில்லை. பாதி உண்மை முழுப் பொய்யினும் விரைந்து ஓடுகின்றது.

இதில் நாம் சிந்திக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. மரபணுவில் கைவைக்கும் ஆற்றல் உடையவை சில நோய்களே. மஞ்சள் காமாலை பி வைரஸ், கல்லீரல் உயிரணுவின் டி.என்.ஏ.வில் தன் பகுதியைப் புகுத்த வல்லது. அது புற்றுநோய்க்கு வழிகோலும் காரணங்களுள் ஒன்று. கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் பாப்பிலோமா வைரசும் அவ்வாறே செய்யக்கூடும். இவ்விரண்டையும் தடுக்க இன்று ஊசிகள் உள்ளன. அதற்கும் மேலாக, மனித மரபுத்தொகுதியில் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பங்கு, நம் தொல்முன்னோரின் உடலில் புகுந்து தங்கிய ரெட்ரோ வைரசுகளின் எச்சம் என்று அறிஞர் கண்டுள்ளனர். ஊசி செய்துவிடும் என்று நாம் அஞ்சுவதை, ஊசி தடுக்கும் நோயே செய்கின்றது.

ஊசியால் தீங்கே இல்லை என்று இதனால் பொருள் கொள்ளலாகாது. அடினோ வைரஸ் வகை ஊசி இட்டோரில் மிகச் சிலருக்கு, இரத்தத் தட்டணுக்கள் குறைந்து குருதி உறையும் கொடிய விளைவு ஏற்பட்டதை 2021-இல் மருத்துவ உலகம் கண்டறிந்தது. தூது ஆர்.என்.ஏ. வகையால் இளைஞர் சிலருக்கு இதயத்தசையில் அழற்சி உண்டாயிற்று. இவை அரியவை, ஆனால் உண்மையானவை. மரபணு மாறியதால் வந்தவையாக இவை அறியப்படவில்லை. நோய் எதிர்ப்பாற்றல் தடம் மாறியதன் விளைவுகளாகவே பெரிதும் கருதப்படுகின்றன. அந்த மிகச் சிலருள் ஒருவரைப் பறிகொடுத்த குடும்பத்தினரிடம் சென்று “அரிது” என்று மட்டும் கூறுவது கருணையன்று.

ஆடும் கன்றும் முட்டையும்

இனி மூதாட்டியின் வினாவிற்கு வருவோம். இது நமக்கு இன்னும் கடினமானது.

தமிழ்நாட்டில் தடுப்பூசியின் வரலாறு உயிர்களின் துன்பத்தோடு பின்னியது. 1899-இல் தோன்றிய கிண்டி கிங் நிலையத்தின் தொடக்கப் பணி, கன்றுகளின் தோலில் அம்மைப்பாலை வளர்த்து எடுத்தல். 1907-இல் நிறுவப்பட்ட குன்னூர் பாஸ்டர் நிலையத்தில், வெறிநாய்க்கடி மருந்து நெடுங்காலம் ஆட்டின் மூளையிலிருந்து செய்யப்பட்டது. நோயை ஆட்டிற்கு ஏற்றி, பின்னர் அதன் மூளையை எடுத்து, கார்பாலிக் அமிலத்தால் கிருமியைக் கொன்று மருந்தாக்கினர். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசிகள் என்று முதியோர் நினைவுகூர்வது இதனைத்தான். அம்மருந்திலிருந்த மூளைப்பொருளின் காரணமாக, சிலருடைய நோய் எதிர்ப்பாற்றல் அவர்தம் நரம்பையே தாக்கிப் பக்கவாதத்தை விளைத்தது. ஆட்டிற்கு இழைத்த வதை மனிதனுக்கும் முற்றிலும் நன்மையாக முடியவில்லை.

2001-ஆம் ஆண்டு முதல் குன்னூரில் வீரோ என்னும் உயிரணு வளர்ப்பின் வழியாக இம்மருந்தை ஆக்கத் தொடங்கினர். சில ஆண்டுகளில் ஆட்டுமூளை மருந்து நாடு முழுவதும் கைவிடப்பட்டது. வீரோ உயிரணுக்கள் 1962-இல் ஜப்பானில் ஓர் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுக்கப்பட்டவை. அன்று முதல் அவை ஆய்வகங்களில் பெருகிக்கொண்டே வருகின்றன. புதிது புதிதாகக் குரங்குகளைக் கொல்ல வேண்டியதில்லை.

கோவேக்சினும் வீரோ உயிரணுக்களில் வளர்க்கப்பட்டதே. அவ்வுயிரணுக்களை வளர்க்கக் கன்றின் சீரம் பயன்படுவது 2021 ஜூனில் பெரும் பேச்சாயிற்று. உயிரணுக்கள் பெருகுவதற்கே சீரம் பயன்படுகின்றது, பின்னர் கழுவி நீக்கப்படுகின்றது, முடிவான மருந்தில் அது இல்லை என்று மைய அரசு விளக்கியது. மூதாட்டி கேட்டது இதைப் பற்றியே. கோவிஷீல்டு வளர்க்கப்பட்ட உயிரணுக்களோ, 1973-ஐ ஒட்டி நெதர்லாந்தில் ஒரு மனிதக் கருவின் சிறுநீரகத்திலிருந்து வந்தவை. இன்புளுயன்சா ஊசிகளில் பல, கருவுள்ள கோழிமுட்டையில் வளர்க்கப்படுகின்றன. நாமக்கல் வட்டாரத்து மக்களுக்கு முட்டையைப் பற்றி நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

“முடிவான மருந்தில் இல்லை” என்னும் விடை உணவுத் தூய்மை பற்றிய ஐயத்தைத் தீர்க்கலாம். அறத்தைப் பற்றிய ஐயத்தைத் தீர்க்காது. ஏனெனில் நம் ஆன்றோர் இம்சையைச் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவகையாலும் விலக்கினர். வதைத்தவர் வேறொருவர், வாங்கியவர் மட்டுமே நாம் என்று தப்ப வழியில்லை.

இல்லறத்தார்க்குரிய இம்சையைச் சங்கற்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என நான்காகப் பகுத்துள்ளனர். கொல்ல வேண்டும் என்னும் கருத்தோடு கொல்லுதல் முதலாவது. அதை இல்லறத்தான் முற்றிலும் விடுதல் வேண்டும். அடுப்பும் உழவும் தொழிலும் தற்காப்பும் பற்றி நேர்வன மற்ற மூன்று. அவற்றைக் குறைத்தல் வேண்டும். நோயிலிருந்து காத்துக்கொள்வது தற்காப்பு என்று சிலர் கூறுவர். நோய்க்கிருமியை அழிப்பதற்கு அது பொருந்தலாம். கன்று நம்மைத் தாக்க வரவில்லையே! ஆகவே இவ்வாதத்தை நம்மால் முழுமையாக ஏற்க இயலவில்லை.

மறுபுறத்தையும் எண்ணுதல் வேண்டும். ஒருவர் தம்மளவில் ஊசியை மறுத்து, வரும் துன்பத்தைப் பொறுமையுடன் ஏற்பாராயின் அது தவம். ஆனால் தொற்றுநோய் அவரோடு நிற்பதில்லை. அவர் தூக்கிக் கொஞ்சும் பேரக்குழந்தைக்கும், பேருந்தில் அருகே அமரும் கருவுற்ற பெண்ணுக்கும் அது செல்லக்கூடும். பெரியம்மையால் மாண்டவர்களின் கணக்கிற்கு எல்லையில்லை. 1975-இல் இந்தியாவில் அதன் பரவல் நின்றது. 1980-இல் உலகிலிருந்தே அது ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. 2014 மார்ச் மாதத்தில் நம் நாடு இளம்பிள்ளைவாதம் அற்றதெனச் சான்று பெற்றது. இந்நலத்தை நாம் நாள்தோறும் நுகர்கின்றோம். நுகர்ந்துகொண்டே அதன் விலையில் நமக்குப் பங்கில்லை என்பது நேர்மையாகாது. தடுக்கக்கூடிய மரணத்தைத் தடுக்காது விடுவதும் உடன்படுதலின் ஒரு வடிவே.

எனவே நம் கருத்து இது: தடுப்பூசியை ஏற்கலாம், ஆனால் அது குற்றமற்றது என்று சாதித்தல் கூடாது. ஏற்கும்போது அதன்பின் உள்ள உயிர்களை நினைத்து வருந்துவதும், வதை குறைந்த முறை உள்ளதாயின் அதைத் தேடுவதும், அத்தகைய முறைகள் வளரக் குரல் கொடுப்பதும் நம் கடமை.

இங்கேதான் இரு வினாக்களும் ஒன்றாகப் பிணைகின்றன. தூது ஆர்.என்.ஏ. ஊசியை ஆக்கும்போது வைரசை வளர்க்க முட்டையோ குரங்கின் உயிரணுவோ கன்றின் சீரமோ வேண்டியதில்லை. பாக்டீரியாவில் பெருக்கிய ஓர் அச்சைக் கொண்டு, நொதிகளின் துணையால் கலத்திலேயே அது உருவாகின்றது. டி.என்.ஏ. ஊசியும் பாக்டீரியாவில் விளைவதே. விலங்குகள்மீது செய்யும் சோதனைகள் இன்னும் முற்றிலும் நீங்கவில்லை என்பது உண்மைதான். ஆயினும் உற்பத்தியில் ஐயறிவுயிரின் துன்பம் மிகவும் குறைகின்றது. மரபுப்பொருளின் மொழியில் பேசுவதனாலேயே மக்கள் எந்த ஊசியைக் கண்டு மிகுதியாக அஞ்சினரோ, அந்த ஊசியே உயிர்வதையில் குறைந்தது. அச்சத்தால் அதைத் தள்ளுவோர், தம்மை அறியாமலே ஆட்டையும் கன்றையும் நாடிச் செல்கின்றனர். அறத்திற்கு அறிவு வேண்டும் என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டுமோ?

நன்மைக்காகப் பொய் சொல்லலாமா?

இறுதியாக, வாய்மை பற்றி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்மைப்பால் குத்துவதற்குச் சென்னை மாகாண மக்கள் தயங்கினர். தமிழறிந்த ஆங்கில அலுவலர் எல்லிஸ், அம்மைப்பாலைப் பசு வழங்கிய தெய்வக் கொடையாகக் காட்டும் கதை ஒன்றை இயற்றினார். 1819-இல் சென்னையின் ஆங்கில இதழ் ஒன்றில், அம்மைப்பால் முறை பழைய வடமொழி நூலிலேயே உள்ளது என்று ஒரு கடிதம் வெளிவந்தது. அது புனைவு என்று பிற்கால ஆய்வாளர் காட்டியுள்ளனர். நோக்கம் நல்லதே. உயிர்கள் காக்கப்படும் என்று எண்ணியே செய்தனர்.

ஆனால் அப்பொய் நெடுங்காலம் மெய்யென உலவியது. இன்றும் நம்முள் சிலர், நிகோத உயிர்களைப் பற்றி ஆகமங்கள் கூறுவதைச் சுட்டி, கிருமிகளை நம் முனிவர் முன்பே கண்டனர் என்று பெருமை பேசுகின்றனர். அது உயிரின் நிலைகளைப் பற்றிய தத்துவம். நுண்ணோக்கியில் காணும் பாக்டீரியாவோடு அதை ஒன்றாக்குவது ஆகமத்திற்கும் அறிவியலுக்கும் ஒருங்கே செய்யும் பிழை. அநேகாந்தம் என்னும் பெயரால், “ஊசி மரபணுவை மாற்றுகின்றது என்பதும் ஒரு நோக்கு” என்று கூறுவதும் தகாது. ஒரு பொருளுக்குப் பல பக்கங்கள் உண்டு என்பதே அநேகாந்தம். இல்லாத பக்கத்தை உண்டாக்குவது அதன் வேலையன்று.

பொய்யால் ஏற்கச் செய்வது ஒரு வகை வன்முறை. பொய்யால் மறுக்கச் செய்வதும் வன்முறையே. கைப்பேசியில் வந்த செய்தியை ஆராயாது அடுத்தவருக்கு அனுப்புவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். 2022 மே 2-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், எவரையும் கட்டாயப்படுத்தி ஊசி இடலாகாது என்றும், ஊசியால் நேர்ந்த தீய விளைவுகள் பற்றிய செய்திகளை மக்கள் அறிய வெளியிட வேண்டும் என்றும் கூறியது. பொதுநலம் கருதி வரம்பு விதிக்க அரசுக்கு உரிமை உண்டு என்றும் அது கூறிற்று. உடன்பாடு வேண்டும், உடன்பாட்டிற்கு உண்மை வேண்டும் என்பதே இதன் சாரமாக நமக்குத் தோன்றுகின்றது.

அந்த முதியவரை மீண்டும் காணும் வாய்ப்பு நேருமாயின் நாம் கூற விரும்புவது இது: “ஐயா, உங்கள் வம்சம் மாறாது. கையில் வலியும் ஓரிரு நாள் காய்ச்சலும் வரலாம். மிகச் சிலருக்கு அதற்கு மேலும் நேர்ந்ததுண்டு. மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, தலைவலி நீங்காதிருந்தாலோ மருத்துவரிடம் செல்ல நாள் கடத்தாதீர்கள். ஊசி இடாதவருக்கு நோயால் வரும் தீங்கு இதனினும் பெரிது. முடிவு உங்களுடையது.”

மூதாட்டியிடம் கூறுவதற்கு இத்துணைத் தெளிவான சொற்கள் நம்மிடம் இல்லை. கன்றின் துன்பத்தை அவர் நினைத்தது சரியே என்று மட்டும் கூறுவோம். அந்த நினைவு நம்மில் மங்காதிருக்கும் வரை, குன்னூரில் ஆட்டிற்குக் கிடைத்த விடுதலை ஒருநாள் கன்றுக்கும் கிடைக்கும் என்று நம்புகின்றோம்.